சந்தனம் வைத்த கையெழுத்து

செஞ்சியில் சம்பவநாதன் ஒரு கடைக்குள் நுழைந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால், கடைக்காரர் தெருவை எட்டிப் பார்ப்பார். யாராவது பார்த்துவிட்டால் கடை மூழ்கப்போகிறது என்று பேச்சு கிளம்பிவிடும். கடன் கட்ட முடியாமல் போன கம்பெனியைத் தீர்ப்பாயம் இவரிடம் ஒப்படைக்கும். அதைக் கொஞ்ச நாள் நடத்தி, வாங்க ஆள் கிடைக்குமா என்று பார்ப்பதுதான் இவர் தொழில். ஊருக்கு அந்த விளக்கமெல்லாம் வேண்டாம். ‘மஞ்சள் கடுதாசி ஐயா’ என்று பெயர் வைத்துவிட்டது. அதனால் பருப்பு வாங்கப் போனாலும் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வெயிலில் நிற்பார்.

இவரைக் கெட்டிக்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம். கவனமானவர் என்று சொல்லலாம். அந்தக் கவனம்தான் இந்த அக்டோபரில் அவரைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது.

கையில் இருந்தது ஒரே கம்பெனி, அனந்தபுரம் பக்கத்துக் கடலை எண்ணெய் ஆலை. அதன் வேலை முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்த கம்பெனி கிடைக்க வேண்டுமென்றால் தொழில் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் டில்லியில் இருந்தது. இவர் பெயரில் ஏற்கெனவே ஒரு தாமதம் பதிவாகியிருந்தது. இன்னொரு படிவம் தாமதமானால் அனுமதி கிடைக்காது என்று அங்கிருந்தவர் போனில் நயமாகச் சொல்லியிருந்தார்.

முன்பு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படிவம், அதற்கென ஒரு கெடு. இப்போது பலவற்றைச் சேர்த்து, மாதா மாதம் பத்தாம் தேதிக்குள் அனுப்பு என்று மாற்றிவிட்டார்கள். சம்பவநாதன் பழைய கட்டம் எது, புதிய கட்டம் எது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினார். அறிவுறுத்தலை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை படித்து முடித்தபோது பத்தாம் தேதி, மாலை நாலு மணி.

அப்போதுதான் டோக்கனைச் செருகினார். பென்டிரைவ் போல இருக்கும் அந்தச் சின்னச் சாமானில்தான் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தார். வாயெல்லாம் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், ஒன்பது நாள் காய்ந்து கல்லாகியிருந்தது.

ஆயுத பூஜையன்று அலுவலகத்துக்குப் பொட்டு வைத்தது ஜெயக்கொடி. சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வரும் உதவியாளர்.

“கம்ப்யூட்டருக்கு வெச்சா பத்தாதா?” என்று சம்பவநாதன் அவளைக் கேட்டார்.

“கம்ப்யூட்டர் டைப்புதான் அடிக்குது சார். கையெழுத்து போடறது இதுதானே? நைனா கூட வண்டிக்கு வெக்கறதுக்கு முன்ன கலப்பைக்குத்தான் வெப்பாரு.”

டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோசித்தபோது அவள் சொன்னதில் தவறு எதுவும் தெரியவில்லை. எது கருவி என்ற கேள்வியில் அவரைவிட அவள் தெளிவாக இருந்தாள்.

பக்கத்துக் கட்டடத்தில் எழிலரசன் செல்போன் பழுதுபார்க்கிறான். சம்பவநாதன் படியிறங்கும்போதே அவன் எதிரே வந்து மறித்துவிட்டான். கடைக்குள் வர வேண்டாம், இன்றைக்குச் சரக்குக் கொடுப்பவர் வருகிறார், நானே மேலே வருகிறேன் என்றான்.

டோக்கனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “இன்னா சார், கற்பூரம் காட்டலியா இதுக்கு?”

ஊசியாலும் பிரஷ்ஷாலும் அரை மணி நேரம் சுரண்டினான். பாதி போனது. உள்ளே ஒரு தகடு தளர்ந்திருந்தது. செருகி ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால் விளக்கு எரிந்தது. விட்டால் அணைந்தது.

“கைய எடுத்தா போய்டும் சார். நான் புடிச்சிக்கிறேன், நீங்க ஓட்டுங்க.”

அப்போது மணி ஐந்தேகால். சம்பவநாதன் வீட்டில் பொழுது சாய்ந்தபின் யாரும் சாப்பிடுவதில்லை. அது தலைமுறை தலைமுறையாக வரும் சமண வழக்கம். மதியமும் படிவத்தைப் படித்துக்கொண்டு மோர் மட்டும் குடித்திருந்தார். ஐந்தரைக்கு மனைவி நீலாஞ்சனா தோசை டப்பாவோடு வந்தார். உள்ளே கணவர் திரையைப் பார்க்க, செல்போன்காரன் கணினிப் பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டிருக்க, ஜெயக்கொடி நோட்டிலிருந்து தேதிகளை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“பொழுது போவுதுங்க. ஒரு வாய் சாப்ட்டு வந்து பாருங்க.”

எழுந்தால் இணையதளம் வெளியே தள்ளிவிடும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும், அதுவரை டோக்கன் தாங்குமோ தெரியாது என்றார் அவர். படிவத்தோடு சேர்க்கும் ஒவ்வொரு இணைப்புத் தாளுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து ஏற வேண்டியிருந்தது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“அப்ப ஊட்டட்டுமா?”

எழிலரசன் கணினிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அவன் தோள் குலுங்கியது, விளக்கு அணைந்தது, மூன்றாவது இணைப்பு அறுந்தது.

“சிரிக்காதடா,” என்றார் சம்பவநாதன். அன்று அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நீலாஞ்சனா டப்பாவை மேசையில் வைத்தார். ஜன்னலருகே நின்று மலைப் பக்கம் பார்த்து, வெளிச்சம் இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி இணைப்பு பாதி ஏறியபோது அதையும் நிறுத்திவிட்டார். சம்பவநாதனுக்குப் புரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு பத்துக்கு ஒப்புகை எண் வந்தது. எழிலரசன் விரலை எடுத்தான். விரலில் டோக்கனின் விளிம்பு அச்சாகப் பதிந்திருந்தது. மறுபடி அழுத்திப் பார்த்தான், விளக்கு எரியவே இல்லை. புதுசு வாங்கிடுங்க சார், இதுக்கு ஆயுசு அவ்ளோதான் என்றான்.

டப்பாவை அவனுக்கும் ஜெயக்கொடிக்கும் திறந்து வைக்கச் சொன்னார் சம்பவநாதன். அவர்கள் சாப்பிட, இவர் ஒப்புகையை அச்செடுத்து, எண், தேதி, நேரம் என்று விரல் வைத்துப் படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். பத்தாம் தேதி என்றுதான் இருந்தது.

“பசிக்கலியா சார்?” என்றாள் ஜெயக்கொடி, வாய் நிறையத் தோசையோடு.

“பசிக்குது,” என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மனைவியிடம் மெல்லச் சொன்னார்: “காலைல பொழுது விடிஞ்சதும் எட்டு தோசை.”