கிடா விருந்துக்கு ஏழு நாள்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் சேஃப்டி ஆபீசர். வீட்டில் கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். அந்தப் பயத்துக்குத்தான் சம்பளம்.

சேர்ந்த புதிதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். வாசலில் போர்டு மாட்டி, விபத்தில்லாத நாட்களைத் தினமும் சாக்பீஸால் எழுதினேன். நூறு வந்தால் எல்லோருக்கும் கிடா விருந்து என்று முதலாளியைச் சம்மதிக்கவும் வைத்தேன். அதன்பின் ஒருவருக்கும் சின்னக் கீறல்கூட விழவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. இத்தனை இரும்புக்கும் தீப்பொறிக்கும் நடுவில் எப்படி ஒன்றுமே நடக்காது? உட்கார முடியாமல் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நான் போகும் இடத்திலெல்லாம் பேச்சு நின்றது. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தொண்ணூற்று மூன்றாம் நாள் காலை மூத்த வெல்டர் ஒரு கண் சிவந்து நின்றார். மெட்ராஸ் ஐ என்று முடிவு செய்து பத்தடி பின்னால் போனேன். கைக்குட்டையால் மூக்கை வேறு பொத்திக்கொண்டேன். கண்ணோய்க்கு மூக்கை! அவர் சிரித்தார். சிரித்தபோதும் அந்தக் கண் திறக்கவில்லை. அப்புறம்தான் கிட்டே போய்ப் பார்த்தேன். கருவிழி ஓரத்தில் கரும்புள்ளி. கிரைண்டரில் தெறித்த இரும்புத் துணுக்கு. விழுந்து இரண்டு நாளாகிறதாம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா நீங்க மறுக்கா ஒண்ணுல இருந்து எழுதுவீங்க. நாப்பது பேரு கறிச்சோத்த நான் ஒருத்தன் கெடுக்கறதுங்களா?”

அவரைப் பின்னால் உட்கார வைத்து பைக்கை உதைத்தேன், உதைத்தேன், கிளம்பவேயில்லை. சாவி போடவில்லை என்று ஒற்றைக் கண்ணால் பார்த்து அவர்தான் சொன்னார். வழியெல்லாம் கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

“கண்ணு என்னுதுங்க. நீங்க ரோட்டப் பாருங்க.”

துணுக்கை எடுத்த டாக்டர், அதைச் சுற்றித் துருப் பிடித்திருந்ததாகவும் இன்னும் தாமதித்திருந்தால் பார்வையே போயிருக்கும் என்றும் சொன்னார். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வெல்டர்தான் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பியதும் போர்டைக் கழற்றிவிட்டு, கிடாவை இந்த ஞாயிற்றுக்கிழமையே வெட்டச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன்.

“அடிபட்டதுக்கு விருந்துங்களா?”

“இல்லீங்க, அடிபட்டா சொல்றதுக்கு. மறைக்க வெச்சது நானுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் சம்மதித்தார்.

மாலையில் எல்லோரையும் கூட்டி, தப்பு என்னுடையது, இனி அடிபட்டதைச் சொல்வதால் யாருக்கும் எதுவும் போகாது என்றேன். எல்லோரும் போர்டு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கண்கட்டோடு உட்கார்ந்திருந்த வெல்டரே ஆரம்பித்தார். அந்த மூலை வெல்டிங் மெஷினை ஈரக் கையோடு தொட்டால் ஷாக் அடிக்கிறதாம், ஒரு மாதமாக. உடனே ஒருவர் நகம் பெயர்ந்த விரலைக் காட்டினார். இன்னொருவர் ஏணியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார்.

நான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினேன். அந்த மூலை மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டுதான் தினமும் பாதுகாப்பைப் பற்றி அவர்களுக்குப் பேசிவந்திருக்கிறேன்.