அக்கா மிச்சம் வைத்த புத்தகம்

என் அக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் என் வீட்டுக்காரர்தான் முதலில் வந்து நிற்கிறார். அந்த மனுஷன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை.

அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மெஷின் ஓடும்போதுகூட மடியில் ஒரு துப்பறியும் நாவல் இருக்கும். கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பாள், ஆனால் உயிரையே வைத்திருந்தது ஒரே ஒரு எழுத்தாளர்மேல்தான். அவர் ரத்தத்தையே காட்டமாட்டாராம். ஒருவர் கதவைச் சாத்துகிற விதத்தை எழுதியே நம் தூக்கத்தைக் கெடுப்பாராம். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவர் எழுதிய எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தவள், கடைசிப் புத்தகத்தை மட்டும் வாங்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ரொம்ப மோசமான ஒரு நாளுக்கு வேண்டும் என்பாள். அவள் கணவர் இறந்தபோதுகூட அதை எடுக்கவில்லை. "இதைவிட மோசமா ஒண்ணு வந்தா என்னடி பண்றது?" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் இடுப்பில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்குப் பயம். ஆஸ்பத்திரிப் பையில் முதலில் அந்தப் புத்தகத்தை வைத்தாள், துணிமணியெல்லாம் பிறகுதான்.

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வகுப்பறையில், சாலைக் குறிகள் ஒட்டிய சுவரோரமாக, துப்பறியும் கதை வாசகர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அக்காவும் அதில் ஒருத்தி, துணைக்கு நானும் போவேன். மருந்துக்கடைக்காரருக்கு, விஷம் வைத்துக் கொல்லும் கதைகளாக எழுதும் ஒரு அம்மாள்தான் தெய்வம். தையல்கார அம்மாவுக்குக் கோர்ட்டு இல்லாத கதை இறங்கவே இறங்காது. அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தாம் படிக்காமல் விட்ட ஒரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். அதைப் படித்த ஒருவர் பிறகு கொண்டுவந்து அவர் மடியில் வைப்பார். முடிவை மட்டும் யாரும் மூச்சுவிடக் கூடாது.

தாம் விட்டது எதுவுமே இல்லை என்று வருஷாவருஷம் மார்தட்டுபவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அந்தத் தடவை அக்கா தன் கடைசிப் புத்தகத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகப் போவதையும் சொன்னாள். இவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"இதையா இவ்வளவு பொத்திப் பொத்தி வச்சிருந்தீங்க? அந்தத் தங்கச்சிக்காரிதான் கொலை பண்ணினா. நான் எப்பவோ படிச்சாச்சு" என்றார்.

 அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று வீட்டில் நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரு கதைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டார். கதையாம்.

ஆபரேஷன் முடிந்து நான் பார்க்கப் போனபோது அக்கா புத்தகத்தைப் படித்து முடித்திருந்தாள். தங்கை கொலை செய்யவே இல்லையாம். கொன்றது அந்த வீட்டு டிரைவராம். என் வீட்டுக்காரர் பின்னட்டையில் போட்டிருந்ததைத் தாண்டிப் படித்திருக்கவே இல்லை! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும், முடிவு கெடாமல் தப்பித்ததே என்றேன்.

"எங்கடி தப்பிச்சுது? முதல் பக்கத்துலேருந்து அந்தத் தங்கச்சியையே முறைச்சுக்கிட்டு இருந்தேன். டிரைவர் என் கண்ணு முன்னாடியே வந்து வந்து போயிருக்கான், நான் அவனைக் கவனிக்கவே இல்ல. இனிமே முதல் தடவையா படிக்க அவர் எழுதினது ஒண்ணும் மிச்சம் இல்ல" என்றாள். பிறகு, வீட்டில் போய் எதையும் உளறாதே என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடங்கிக் கிடந்தேன்.

நடக்க ஆரம்பித்ததும் கோலை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள். நேராகப் போய் அந்தப் புத்தகத்தை என் வீட்டுக்காரர் மடியில் வைத்தாள். எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரர் சுவரில் இருந்த 'ஒலி எழுப்பாதீர்' குறியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"யார் கொன்னதுன்னு நான் சொல்ல மாட்டேன், தம்பி. நிதானமா படிங்க" என்றாள் அக்கா.

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். நாலு நாளில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் புத்தகம் வந்துவிட்டது. தங்கச்சி இல்லையென்றால் வேறு யார் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். கடைசி அத்தியாயத்துக்கு வந்த அன்று காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "டிரைவர்" என்றேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கியே போய்விட்டது. "ஏன் சொன்ன?" என்று கேட்டார்.

"ஒரு கதைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றேன்.