ஒன்பதாம் லயத்தின் கோப்பு

கணினி பழுதுபார்ப்பவரைத் தேடி வருகிறவர்கள், நோயைச் சொல்வதற்கு முன் அவசரத்தைச் சொல்வார்கள். இதே தொழிலில் உழலும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணித ஆசிரியையாக மலையகம் வந்தவள் நான். ஓய்வுபெற்ற பின், இரண்டாயிரத்தின் முதற் சில ஆண்டுகளில், பொகவந்தலாவைக் கடைவீதியில் இரும்புக் கடையொன்றின் மேல்மாடியில் இயங்கிய கணினி அறைக்குப் பொறுப்பாயிருந்தேன். நலன்விரும்பி ஒருவர் கொடுத்த ஐந்து பழைய கணினிகள் அங்கே இருந்தன. ஐந்திலும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினேன். அது கொள்கைப் பற்றினால் அன்று. விலைக்கு விற்கும் மற்றதை உரிமத்தோடு வாங்க வசதியில்லை; திருட்டுப் பிரதியை என் மேசைமேல் நான் வைப்பதில்லை.

என்னோடு பணியாற்றியவர் மரகதம். நாற்பத்தைந்து வயதுக் கைம்பெண். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் என்றாலும், தட்டச்சில் அவருடைய கை என்னுடையதைவிட வேகமானது.

திரையில் விழாத எழுத்து

பெருமாள் என்ற ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை பழைய கணினியொன்றை வாங்கி, அதில் லினக்ஸை நிறுவித் தரும்படி கேட்டார். நிறுவிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் விசைப்பலகையைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். விசைப்பலகை செத்துவிட்டது என்றார். செருகிப் பார்த்தேன், எல்லா எழுத்தும் விழுந்தன.

நோய் எதுவென்று நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். கறுப்புத் திரையில் கடவுச்சொல் எழுதும்போது லினக்ஸ் ஒரு புள்ளியைக்கூடக் காட்டாது. எழுத்து உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. அருகில் நிற்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது என்று விளக்கினேன். பெருமாள் கடைசி வரையில் கேட்டார். கேட்டுவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டே சொன்னார்: "முப்பது வருசம் கொழுந்து நிறுத்து எடை எழுதுனவன் நான், டீச்சரம்மா. எழுதுறத பொம்பளைங்க கண்ணுக்குக் காட்டாம எழுதுனா கூடையாலயே அடிப்பாளுக. இது மட்டும் எந்தத் தைரியத்துல மறைச்சு எழுதுது?"

முப்பத்தேழு அறிவித்தல்கள்

தேநீர்க் கடை நடத்தும் சின்னையா தம் அண்ணனின் மரண அறிவித்தலை அச்சிட வந்தார். பிணம் வீட்டில் கிடந்தது. மாலைக்குள் கடைவீதி முழுவதும் ஒட்டியாக வேண்டும். மரகதம் தட்டச்சுச் செய்து கொடுத்தார். அச்சிடும் பொத்தானை அழுத்தும்படி சின்னையாவிடம் சொல்லிவிட்டு, நான் வேறொரு கணினியைப் பார்க்கப் போனேன். அழுத்தினார், காகிதம் வரவில்லை. மீண்டும் அழுத்தினார். துக்க வீட்டிலிருந்து வந்த மனிதர், எவரிடமும் எதுவும் கேட்காமல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்.

அச்சுப்பொறியின் கம்பி கழன்றிருந்தது. அதை நான் செருகிய கணத்தில், வரிசையில் காத்திருந்த கட்டளைகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறத் தொடங்கின. லினக்ஸ் எதையும் மறப்பதில்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். வரிசையை எப்படி நீக்குவதென்று நான் கையேட்டில் தேடி முடிப்பதற்குள் முப்பத்தேழு தாள்கள் வெளிவந்துவிட்டன. காகித விரயத்துக்காக அவரைக் கண்டிக்கவே வாயெடுத்தேன். அவர் அந்த அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உசுரோட இருந்தப்ப பத்து தடவ கூப்புட்டாலும் ஒரு தடவகூட வராத மனுசன், டீச்சர். இப்ப பாருங்க, எப்புடி வர்றாருன்னு."

பனியும் பிளொப்பியும்

பிள்ளைமடுவத்தில் மரகதம் ஒரு நோட்டு வைத்திருந்தார். குழந்தை பிறந்த நாள், தாய் தந்தையர் பெயர், எந்த லயம், அதாவது எந்த வீட்டு வரிசை, என்பவற்றை இருபது ஆண்டுகளாக எழுதி வந்திருந்தார். அந்தக் குழந்தைகளுள் நாற்பத்தொருவருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. பதிவு இல்லாதவருக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாத தமிழ் இளைஞன் அந்தப் போர்க்காலத்தில் கொழும்புச் சோதனைச் சாவடியில் என்ன ஆவான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஒன்பதாம் லயத்து ராசம்மாவின் மகன் நாகராஜ் ஒருமுறை பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, நான்கு நாள் காவலில் இருந்து திரும்பியவன். அவனுக்குக் கொழும்பில் கடையொன்றில் மீண்டும் வேலை கிடைத்திருந்தது. அட்டையோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் கிராம சேவகர் சிங்களவர், நேர்மையானவர். நோட்டிலுள்ளதை ஒழுங்கான பட்டியலாகத் தந்தால், காலந்தாழ்த்திய பதிவுக்குத் தாம் பரிந்துரைத்துக் கையொப்பமிடுவதாகச் சொன்னார். மரகதம் லயத்துக்கு ஒரு கோப்பாக ஒன்பது கோப்புகளைத் தட்டச்சுச் செய்தார். அவர் செய்து முடித்த மாதத்திலேயே அவருடைய லயத்தில் மின்கம்பி எரிந்து தீப்பிடித்தது. ஆறு வீடுகள் போயின. அவருடைய மாமியாரும் போனார், நோட்டும் போயிற்று. அதன்பின் அந்த நாற்பத்தொரு பேரும் உலகில் எழுத்தாக இருந்தது எங்கள் மூன்றாம் எண் கணினியில் மட்டுமே.

அச்சிட்டுவிடலாம் என்றார் மரகதம். தாய்மார் ஒவ்வொருவரும் வந்து சரிபார்க்கும் முன் அச்சிடக் கூடாதென்று நான் மறுத்தேன். அரைகுறைத் தாளில் என் பெயர் இருப்பதை நான் விரும்பியதில்லை. மாற்றாக இரண்டு பிளொப்பித் தட்டுகளில் பிரதி எடுத்து, அலுமாரியில் பூட்டி வைத்தேன். நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது இரண்டிலும் பூஞ்சணம் பூத்திருந்தது. மழைக்காலத்தில் சப்பாத்துக்குள்ளேயே பூஞ்சணம் வளரும் ஊர் இது; நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மரகதம் ஒன்றை விரலால் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தீப்பெட்டியக்கூட நாங்க அடுப்புக்கு மேலதான் வப்போம் டீச்சர். நீங்க பிள்ளைங்க பேர கொண்டுபோயி குளுருக்குள்ள வச்சிட்டீங்களே."

இடி இடித்த நாட்கள்

பிரதி போனதை அறிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. புதிய பிளொப்பி வாங்க ஹட்டனுக்கு ஆள் அனுப்பினேன். அன்று பிற்பகல் பெருமழை. புதன் காலை மூன்றாம் எண் கணினி எழ மறுத்தது. வன்தட்டின் கோப்பு அமைப்புச் சிதைந்துள்ளது, கையால் சரிசெய்க என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு நின்றது. கிராம சேவகர் இடமாற்றம் பெற்றிருந்தார்; வெள்ளிக்கிழமையே அவருக்கு எங்கள் பகுதியில் கடைசி நாள். அடுத்து வருபவர் எப்படிப்பட்டவரோ எவருக்கும் தெரியாது.

கணினி எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் படித்தேன். அது ஏறத்தாழ இருபது தடவை முறையாக மூடப்படாமல், மின்சாரம் திடீரென நின்று அணைந்திருந்தது. காலையில் அது எழுவதற்குத் தாமதித்த போதெல்லாம், வயதான இயந்திரம் என்று எண்ணி நான் விசாரியாது விட்டிருக்கிறேன். மின்தடை அத்தனை முறை வந்ததில்லை. மரகதத்தை அழைத்தேன்.

"உண்மையைச் சொல்லும். இந்தப் பெட்டியை ஆர் இப்பிடி நிப்பாட்டுறது?"

"நான்தான் டீச்சர். இடி இடிச்சா கீழ போயி மெயின் சுவிட்ச எறக்கிருவேன்."

"பெட்டியை மூடிப்போட்டு இறக்கவேணும் எண்டு எத்தினை தரம் படிப்பிச்சனான்?"

"படிச்சுக் குடுத்தீங்க."

"பிறகேன்? அதுக்கு ரெண்டு நிமிசம்தானே செல்லும்!"

தீக்குப் பிறகு அந்தத் தோட்டத்து லயங்களில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மலையில் முதல் இடி கேட்டதும் ஒரு பெண் ஓடிப்போய் மெயினை இறக்குவாள். மழை விடும் வரை எல்லா வீடுகளிலும் மண்ணெண்ணெய் விளக்குதான். இது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வழக்கம் படியேறி என் அறைக்குள்ளும் வந்திருக்குமென்று நான் கருதவில்லை. மரகதம் தலை குனியவில்லை. "அந்த ரெண்டு நிமிசந்தான் டீச்சர். அன்னைக்கு எங்க லயத்துல ஒருத்தரு ரெண்டு நிமிசம் முந்தி எறக்கியிருந்தா, எங்க மாமி இன்னைக்கு வெத்தில இடிச்சுக்கிட்டு இருப்பாங்க."

ஒன்பதாம் லயம்

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இத்தகைய நிலையில் முதலில் செய்ய வேண்டியது, சிதைந்த வன்தட்டை அப்படியே இன்னொன்றில் பிரதியெடுத்து வைத்துவிட்டு, அதன்பின் பழுதில் கைவைப்பது. கையேட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஐந்தாம் எண் கணினியின் வன்தட்டு காலியாகவே கிடந்தது. பிரதியெடுக்க ஒரு பகல் முழுவதும் செல்லும். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாட்களே இருந்தன. மரகதத்தின் பதிலுக்குப் பின் காத்திருக்க எனக்குப் பொறுமையும் இல்லை. நேரடியாகத் திருத்தத் தொடங்கினேன்.

திருத்தும் நிரல் ஒவ்வொரு சிதைவுக்கும் 'சரிசெய்யவா?' என்று கேட்கும். முதல் முப்பது கேள்விகளை வாசித்து 'ஆம்' என்றேன். அதன்பின் வாசிக்கவில்லை. நூறைத் தாண்டியதும், கரும்பலகைத் துடைப்பானின் விளிம்பை 'ஆம்' என்னும் விசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். கேள்விகள் நீர்வீழ்ச்சி போல இறங்கின. துடைப்பான் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றது. முடிந்தபோது கணினி எழுந்தது. மரகதத்தின் கோப்புறை வெறுமையாக இருந்தது.

ஆனால் லினக்ஸ், உரியவர் தெரியாத துண்டுகளை எறிந்துவிடாமல், தொலைந்து கிடைத்தவற்றுக்கான தனியிடமொன்றில் சேர்த்து வைக்கும். அங்கே நூற்றுக்கணக்கான துண்டுகள் கிடந்தன. எதற்கும் பெயரில்லை; வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். மரகதம் முதல் வரியைப் பார்த்ததும் சொல்வார்: "இது மூணாம் லயம்… இது ஏழாம் லயம்… இது நம்ம பிள்ளைங்க இல்ல டீச்சர், யாரோ எழுதுன கட்டுரை." வியாழன் மாலைக்குள் எட்டு லயங்கள் முழுமையாகக் கிடைத்தன. ஒன்பதாவதில் தலைப்பு மட்டுமே இருந்தது. அதன் கீழிருந்த ஐந்து பிள்ளைகளும் எந்தத் துண்டிலும் இல்லை. நினைவிலிருந்து எழுதித் தருவதாக மரகதம் சொன்னார். அவருடைய நினைவில் பிழை இருந்திராது. ஆயினும், நோட்டிலிருந்து எடுத்தது என்று கையொப்பமிடப் போகும் தாளில் நினைவைக் கலக்க நான் இசையவில்லை. அந்த முடிவை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அது யாரைத் தாக்கியது என்பதையும் மறக்கவில்லை. தாய்மாரை அழைத்துச் சரிபார்க்க இனி நேரமில்லை; கிடைத்தபடியே அச்சிட்டேன். வெள்ளிக்கிழமை கிராம சேவகர் முப்பத்தாறு பேருக்குக் கையொப்பமிட்டார்.

சனிக்கிழமை பெண்கள் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் ஒன்பதாம் லயத்துக்கு ஏறினேன். மரகதம் கூட வந்தார். ஐந்து தாய்மாரும் வாசலில் நின்றார்கள். நாகராஜ் கதவோரம் நின்றான்.

"உங்கட பிள்ளையளின்ர பட்டியல் அழிஞ்சுபோச்சு," என்றேன். "பெட்டி பழுதானது வேற. பிரதி எடுக்காமல் திருத்தப்போனது நான். கேள்வியை வாசிக்காமல் ஓம் எண்டதும் நான். மரகதத்தில பிழை இல்லை."

உள்ளே ஒரு குழந்தை அழுதது, யாரோ அதட்டினார்கள். சத்தியக் கடதாசி எழுதி, சாட்சிகளோடு நுவரெலியாவுக்குப் போவோம், நானே எல்லா முறையும் கூட வருவேன் என்றேன். அவ்வாறே போனேன். ஐவருக்கும் பதிவு கிடைக்கப் பதினான்கு மாதங்கள் சென்றன. அதற்குள் கொழும்புக் கடையில் வேறொருவனை வைத்துக்கொண்டார்கள். நாகராஜ் தோட்டத்திலேயே பெயர் பதிந்து, தேயிலைக்கு மருந்து அடிக்கப் போனான்.

அந்தச் சனிக்கிழமை மாலை ராசம்மா கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்று என்னைப் பார்த்தார். ஏச்சை எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் ஏற்றிருப்பேன். அவர் சொன்னது இது: "எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க கடுதாசிய தொலைக்காத ஆபீசு இல்ல டீச்சர். தொலைச்சேன்னு மலையேறி வந்து சொன்ன ஆளு நீங்கதான். அதுக்காவ ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. கோவம் போயிருச்சுன்னு மட்டும் நெனச்சிராதீங்க."

ஆகவே, உடன் உழல்பவர்களே, கைவைக்கும் முன் பிரதி எடுங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு மலிவாகக் கிடைக்கவில்லை, ஆனால் அதற்கு விலை கொடுத்தவள் நானல்லேன்.