வண்டி வராமல் நடந்த சர்வீஸ்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நாங்கள் வேலை பார்த்த கராஜில் இரண்டு வகை சர்வீஸ் நடக்கும். ஒன்றில் வண்டி வரும், ஆயில் மாறும், ஃபில்டர் மாறும், கடைசியில் சர்வீஸ் புத்தகத்தில் சீல் விழும். இன்னொன்றில் வண்டி வராது. ஏதாவது ஒரு கம்பெனி டிரைவர் புத்தகத்தை மட்டும் கவரில் போட்டுக் கொண்டுவந்து ஃபோர்மேன் கையில் கொடுப்பான். சீல் மட்டும் விழும். வண்டிக்காரர் சர்வீஸுக்கென்று கொடுத்த காசு யார் பைக்குப் போனது என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டவனுக்கு அடுத்த வருடம் லீவு கிடைக்காது. இதற்கு 'புக் சர்வீஸ்' என்று பெயர் வைத்து, டீ குடிக்கும்போது சிரித்துக்கொள்வோம்.

சீல் ஸ்டோரில் இருக்கும். ஸ்டோர் கீப்பர் நான், மணிமாறன். மெக்கானிக் கட்டத்தில் கையெழுத்துப் போடுவது முனியசாமி அண்ணன். அவர் கையெழுத்து ஒரே எழுத்து. 'மு' என்று தமிழில்தான் போடுவார். இங்கிலீஷில் போடச் சொல்லி ஃபோர்மேன் இரண்டு வருடம் கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

அண்ணனுக்குக் கமுதிப் பக்கம். முதலில் ஓமன் நாட்டுச் சலாலாவில் ரெக்கவரி வண்டி ஓட்டினார், அதாவது மலையில் கவிழ்ந்ததையும் மோதியதையும் இழுத்து வருகிற வேலை. பிறகுதான் ஷார்ஜா. நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே எது சரியில்லை என்று சொல்லிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் பழைய கார் வாங்கப்போகிற தமிழர்கள் அவரைக் கூட்டிப்போகாமல் போகமாட்டார்கள். காசு வாங்கமாட்டார், ஒரு டீயும் சமோசாவும் போதும். 'பரவாயில்லை' என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. 'வாங்கு' என்பார், அல்லது 'வேணாம்' என்பார். அதற்குமேல் பேச்சில்லை. மனிதர் கொஞ்சம் கர்வம் பிடித்தவர்தான், ஆனால் அந்தக் கர்வத்தை நம்பி எத்தனையோ குடும்பங்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தன.

2008 ஜூன் மாதம். துபாய் சத்வாவில் துணிக்கடை வைத்திருந்த அப்துல் ஹாதி பாய் அண்ணனைக் கூட்டிப்போக எங்கள் ரூமுக்கு வந்தார். கீழக்கரைக்காரர். ஒரு மோட்டார் ஹோம் விலைக்கு வருகிறதாம். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஜுமைராவில் இருக்கும் டென்மார்க் இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்புகிறார், அவருடையது. பாயின் மனைவி மர்ஜானாவுக்கு மழை பார்க்க ஆசை. துபாயிலேயே பிறந்த மூன்று பிள்ளைகளும் ஒழுங்கான மழையில் நனைந்ததில்லை. ஜூலையில் சலாலாவில் சாரல் பிடித்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பாலைவன ரோடு. பர்தாவோடு பெட்ரோல் பங்குகளில் பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தொழ இடம் தேடி அலையாமல், வீட்டையே ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது பாயின் திட்டம்.

"மெஷின் இங்கிலீஷ் நமக்கு வராது. தம்பியும் கூட வரட்டும்" என்றார். நான் பாலிடெக்னிக் படித்தவன் என்ற ஒரே பாவத்துக்காக என் வெள்ளிக்கிழமைத் தூக்கம் போனது.

சாயங்கால அசர் தொழுகை முடிந்து போனோம். வில்லாவுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. வெள்ளை நிறம், நடுவில் நீலப் பட்டை. கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார் ஹென்ரிக். அதுதான் அந்த இன்ஜினியரின் பெயர். பாயின் பிள்ளைகள் மூவரும் எங்களுக்கு முன்பே உள்ளே ஏறி மேல் படுக்கையைப் பங்கு போட ஆரம்பித்துவிட்டார்கள். மர்ஜானா கேஸ் அடுப்பைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹென்ரிக் பிளாஸ்டிக் ஃபோல்டரிலிருந்து சர்வீஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். வருடம் தவறாமல் சர்வீஸ் செய்ததாகச் சொன்னார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பாய் புத்தகத்தை வாங்கிப் பிரித்துவிட்டார்.

"அண்ணே, இந்தப் பக்கத்தப் பாருங்க. இது யாரு எழுத்து?"

ஐந்து சீல், எங்கள் கராஜ் சீல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'மு'.

"முந்தாநாளு வந்து பார்த்தப்பவே கண்டுட்டேன். உங்க கிட்ட சொல்லாம இருந்தேன், நேர்ல பாத்து சந்தோசப்படட்டும்னு. நம்ம அண்ணன் பாத்த வண்டி. அதுக்கு மேல என்ன வேணும் எனக்கு? சும்மா ஒரு தடவ பாத்துட்டு வாங்குன்னு சொல்லுங்க, முடிச்சிடுவோம்."

அண்ணன் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு வண்டியை, அதன் உயரத்தை. எங்கள் கராஜ் ஷட்டருக்குள் அந்த உயரத்துக்கு வண்டி நுழையவே முடியாது. அதை அவர் நினைத்த அதே நேரத்தில் நானும் நினைத்தேன். புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். முதல் மூன்று சீலும் ஒரே பக்கம் சரிந்து, ஒரே மை. ஒரே நாளில், நின்ற நிலையில், நான் குத்தியது.

"பாக்கலாம் பாய்" என்றார் அண்ணன். அந்தக் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் அந்த வண்டியைப் பார்த்த மாதிரி எந்த வண்டியையும் பார்த்து நான் கண்டதில்லை. ஒரு குறை கிடைத்தால் போதும். 'வேணாம்' என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைப் பற்றிப் பேசாமலே வீட்டுக்கு வந்துவிடலாம். நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த நான்கு இலக்க எண்ணைப் படித்தார், போன வருடம் செய்த டயர். மேலே ஏறிக் கூரை ஜன்னலின் ஓரப் பசையைக் கீறிப் பார்த்தார், வெடிப்பில்லை. உள்ளே தரையை முழங்காலிட்டு அமுக்கினார், சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனார், எங்கும் ஈரம் ஊறியிருக்கவில்லை. கேஸ் ட்யூபின் தேதியும் சரி. எஞ்சின் முதல் திருகலிலேயே எழுந்தது. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை மூடிக்குள் இருக்கும், அறுந்தால் எஞ்சினே போய்விடும், ஆனால் அதன் வயது காதுக்குக் கேட்காது.

அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் பக்கத்தில் போய்ச் சன்னமாகச் சொன்னேன்: "அண்ணே, ஏதாச்சும் சொல்லிக் கழட்டி விட்ருங்க."

அவர் பாயிடம் போனார். "ரொம்ப நீளம் பாய். சத்வா சந்துல திருப்ப முடியாது."

பாய் சிரித்தார். "எங்க மச்சான் குடோன்ல நிப்பாட்டப்போறேன்."

அண்ணன் திரும்பி வந்து பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். தேன் நிறத்தில் இருக்கவேண்டியது, அடுப்பில் வைத்து மறந்துபோன சுலைமானி டீ நிறத்தில் இருந்தது. அவர் முகத்தில் சட்டென்று ஒரு தெம்பு வந்ததை நான் பார்த்தேன். கிடைத்துவிட்டது.

"பாய், இங்க வாங்க. பிரேக் ஆயில் மாத்தவே இல்ல. கறுத்துப்போச்சு."

பாய் எட்டிப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். "2006ல மாத்தினதா டிக் அடிச்சிருக்கே. உங்க எழுத்துதானே இருக்கு பக்கத்துல."

நான் விஷயத்தைச் சொன்னதும் ஹென்ரிக்கும் அதே பக்கத்தைத்தான் காட்டினார். கொஞ்சம் புண்பட்ட முகத்தோடு காட்டினார்.

"வெயில்ல நிறம் மாறியிருக்கும்ணே. போன மாசம் டெஸ்ட்ல பாசிங்கும் ஆயிருக்கு" என்றார் பாய். அண்ணனையே சமாதானப்படுத்தினார். அண்ணன் கண்ணால் பார்த்ததை அண்ணனின் கையெழுத்து தோற்கடித்துவிட்டது.

அப்போது பாயின் கடைக்குட்டி ஹாலிதா படியில் இறங்கி வந்து அண்ணனிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டை ரிப்பேர் பண்ணின அங்கிள் நீங்கதானான்னு கேக்குறா" என்றேன்.

அண்ணன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

"பாய், தும்ரைத்துன்னு ஒரு ஊரு, அதத் தாண்டி சலாலாவுக்கு ஒரு இறக்கம் இருக்கு. நான் அங்கதான் வண்டி இழுத்துட்டுக் கெடந்தேன். பனி மூட்டம், ரோடு தெரியாது. பிரேக்க மிதிச்சுக்கிட்டேதான் இறங்கணும். பழைய ஆயில் சூடாகிக் கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சா மிதி தரைக்குப் போகும், வண்டி நிக்காது. அப்படிப் போன குடும்பத்த இந்தக் கையால இழுத்திருக்கேன்."

"சரிண்ணே, ஆனா நீங்க மாத்தின..."

"நான் மாத்தல. அந்த 'மு' நாந்தான். இந்த வண்டிய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

பாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மர்ஜானாவுக்கு முதலில் புரிந்துவிட்டது. வண்டிக்குள் போய், பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிக் காருக்குக் கூட்டிப் போனார். பாய் புத்தகத்தைப் பிடித்தபடியே நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மணி, இவர்கிட்டயும் சொல்லு" என்றார் அண்ணன், ஹென்ரிக்கைக் காட்டி.

"அவருக்கு எதுக்குண்ணே? பாய் வாங்கலன்னா கலாஸ், முடிஞ்சுது. கிளம்புவோம்."

"பாய் வாங்கலன்னா நாளைக்கு இன்னொருத்தன் வாங்குவான். இதே புத்தகத்தப் பாத்து. சொல்லு."

சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான இங்கிலீஷ் நான் பேசியதில்லை. ஹென்ரிக் கத்தவில்லை. ஒவ்வொரு வருடமும் கம்பெனி டிரைவரிடம் வண்டியையும் காசையும் கொடுத்தனுப்பியதாகவும், புத்தகமும் அவனிடமே இருந்ததாகவும், மாலையில் கழுவித் துடைத்து வண்டி வந்து நிற்கும் என்றும் மெல்லச் சொன்னார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை சலாலா போய்வந்தோம், என் மகளும் கூட இருந்தாள் என்றார். தலையைத் தூக்கி, சீல் குத்தியது யார் என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் தமிழாக்க வேண்டியதில்லை. பதில் என்னிடமே இருந்தது. ஆனாலும் அண்ணனிடம் திரும்பி, "சீல் யார் போட்டதுன்னு கேக்குறார்" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது, அது அவருக்குத் தெரியும்.

"நாந்தான்னு சொல்லு."

அவர்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குக் கூசுகிறது.

சனிக்கிழமை காலை ஹென்ரிக் எங்கள் முதலாளிக்குப் போன் செய்தார். ஃபோர்மேன் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சத்தியம் செய்தார். திங்கட்கிழமை அண்ணனின் விசா கேன்சல். நாட்டைவிட்டுப் போக முப்பது நாள். வெள்ளிக்கிழமை அவரை யாரும் கூப்பிடவில்லை. விஷயம் சத்வாவிலிருந்து ஷார்ஜாவரை பரவியிருந்தது. ரூமில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் அவருக்குச் சோறு போட்டேன், தண்ணீர் எடுத்துவந்தேன், பேசவேண்டியதை மட்டும் பேசவில்லை.

பத்தாவது நாள் ஹாதி பாய் வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் ஒரு சாவியை அண்ணனின் தலையணைப் பக்கத்தில் வைத்தார்.

"வண்டி நல்ல வண்டிதாண்ணே. வாங்கிட்டேன். நீங்கதான் பார்க்கணும். இந்தத் தடவ பார்த்து."

பன்னிரண்டு நாள் அந்தக் குடோனில் வேலை நடந்தது. டூட்டி முடிந்ததும் நான் போய் லைட் பிடிப்பேன். டைமிங் பெல்ட்டைக் கழற்றி அண்ணன் வளைத்தார், பல் பல்லாக உதிர்ந்து கையில் விழுந்தது. அதை பாயிடம் காட்டினார். பிறகு என்னிடமும் காட்டினார். பிரேக் முழுவதையும் பிரித்துப் புதிதாகப் போட்டு, யாரையும் ஏற்றாமல் தனியாக மலை ரோட்டுக்கு ஓட்டிப்போய், மேலிருந்து கீழே நான்கு முறை இறங்கிவிட்டு வந்தார். மர்ஜானா அன்று பிரியாணி கொடுத்தனுப்பினார்.

கடைசி நாள் அண்ணன் புத்தகத்தைப் பிரித்து, செய்த வேலையை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினார். கீழே 'மு' இல்லை. முனியசாமி என்று முழுப் பெயர். நான் பையிலிருந்து கராஜ் சீலை எடுத்தேன். ஸ்டோரிலிருந்து தெரியாமல் கொண்டுவந்திருந்தேன், என்னாலும் ஏதாவது ஆகட்டுமே என்று.

"வேணாம்" என்றார். "அத நீயே வச்சுக்க."

அவர் ஊருக்குப் போனார். ஜூலை கடைசியில் பாய் சலாலாவிலிருந்து பேசினார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். "இறக்கத்துல ஒண்ணும் ஆகலைன்னு அண்ணன்கிட்ட சொல்லிடு தம்பி" என்றார்.

ஆகஸ்டில் மறுபடி ஒரு டிரைவர் கவரோடு வந்தான். ஃபோர்மேன் புத்தகத்தை என் மேசையில் போட்டு, மெக்கானிக் கட்டத்தில் நீயே ஏதாவது எழுத்துப் போட்டுக்கொள் என்றார். நான் சீலைக் கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"வண்டி எங்க?" என்று கேட்டேன்.

அந்த வருடம் எனக்கு லீவு கிடைக்கவில்லை.