தெரு வெள்ளையாக இருந்தால் தொடாதே

ரம்பக்காரிக்குக் கோபம் வரக் காரணம் தேவையில்லை என்பது அவள் கணவனின் கட்சி. அவன் பஸ் கண்டக்டர். பகலெல்லாம் பயணிகளிடம் ஏச்சு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் மிச்சம் மீதியை இங்கே வாங்க வேண்டியிருக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பான். அவள் மறுத்ததில்லை. கோபம் இல்லாவிட்டால் இந்த வேலையே கிடைத்திருக்காது.

நகராட்சியின் பூங்காப் பிரிவில் இருக்கிறாள். பெயர்தான் பூங்கா. அங்கே யாரும் செடி நட்டதாக ஞாபகமில்லை. வேலை முழுக்க வெட்டுவதுதான். பெரும்புயல் அடித்த வருடம் சாலையெல்லாம் மரங்கள் குறுக்கே கிடந்தபோது, கிளை பொறுக்கத் தினக்கூலியாக வந்து சேர்ந்தாள். ரம்பம் பிடிக்கிறவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் நின்று அலறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஆண்கள் கூடி நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"பேசிக்கிட்டே இருந்தா மரம் நகருமா? தள்ளுங்கய்யா."

மோட்டார் ரம்பத்தை எடுத்துக் கயிற்றைச் சுண்டி இழுத்தாள். முதல் வெட்டு கோணலாகப் போனது. இரண்டாவது வெட்டில் மரம் இரண்டாயிற்று. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்தான் ரம்பக்காரி. அதற்குப் பிறகு புயல்கள் நிற்கவில்லை. அவள் வேலையும் நிரந்தரமானது.

மரத்தைக் கட்டிப்பிடித்து அழுகிற ரகமில்லை அவள். மின்கம்பியில் உரசினால் கழிக்க வேண்டும், பட்டுப்போனால் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கறார். கூட்டில் உயிர் இருந்தால் ரம்பம் ஓடக்கூடாது.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பிரிவில் எல்லோருக்கும் ஒரே வழிதான். அண்ணாந்து பார்த்தால் அடர்ந்த மரத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் குனிந்து பார்ப்பார்கள். மரத்தடியில் தார்ச்சாலை எச்சம் விழுந்து வெள்ளையாக இருந்தால் மேலே குடித்தனம் நடக்கிறது, தொடக்கூடாது. கறுப்பாக இருந்தால் கூடு வெறும் சுள்ளி. ரம்பம் பிடிக்கிறவர் "காலி" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் ஓட்டுநர் தூக்கு வண்டியின் தொட்டியை மேலே உயர்த்துவார். கையெழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. அந்த ஒரு வார்த்தைதான்.

ஏரிக்கரைத் தெருவில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். முன்பெல்லாம் அவற்றில் காக்கையைத் தவிர எதுவும் தங்கியதில்லை. கொக்குகளுக்கு ஏரிக்குள்ளேயே இடம் இருந்தது. தண்ணீரில் நின்ற கருவேல மரங்களில் கூடு, காலடியில் மீன். ஏரியில் பாதியை மண்ணடித்து அடுக்குமாடி கட்டினார்கள். மீதிப் பாதிக்குச் சிமெண்டுக் கரை, நடைபாதை, வண்ண விளக்கு. கருவேல மரங்கள் அழகாக இல்லையாம். அவற்றை வெட்டியது ரம்பக்காரிதான். முறைப்படி குனிந்து பார்த்து, முறைப்படி "காலி" சொல்லித்தான் வெட்டினாள். கூடுகளும் அன்றைக்குக் காலியாகத்தான் இருந்தன. அடுத்த மழைக்கு அந்தக் கொக்குகள் எங்கே போகும் என்பது அந்த வார்த்தைக்குள் அடங்காத கேள்வி.

அடுத்த மழைக்கு அவை தெருவுக்கு வந்தன. கார்கள் மேல் எச்சம், வாசலில் நாற்றம், விடிந்தால் கூச்சல். குடியிருப்போர் சங்கம் மனுவுக்கு மேல் மனு போட்டது.

கிளை கழிப்பதற்கென்று நகராட்சி ஒரு மாதம் வைத்திருக்கிறது. மழை முடிந்து, குஞ்சுகள் பறந்துபோன பிறகு வருகிற மாதம். எப்போதோ யாரோ யோசித்து வைத்தது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் இப்போது மழைக்கு மாதம் தெரிவதில்லை. பெய்ய வேண்டிய நாளில் சுட்டெரிக்கும் வெயில், காய வேண்டிய நாளில் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. கொக்கு தண்ணீரைப் பார்த்துத்தான் கூடு கட்டும்; காத்திருந்து காத்திருந்து தாமதமாகக் கட்டியது. நகராட்சி காத்திருக்கவில்லை.

அன்று காலை வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். ரம்பக்காரி இறங்கி முதல் மரத்தடியில் குனிந்து பார்த்தாள். தார் கறுப்பாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அடுத்த மரமும் அப்படியே.

"காலி" என்று குரல் கொடுத்தாள்.

விடிவதற்குச் சற்று முன்பு அந்தத் தெருவில் மட்டும் அரைமணி நேரம் மழை அடித்துக் கழுவிவிட்டிருந்தது. அவள் வீட்டுப் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. ஓட்டுநர் வீட்டுப் பக்கமும் இல்லை. மழையும் இப்போதெல்லாம் தெருத் தெருவாகத்தான் பெய்கிறது. சாலை காய்ந்துவிட்டதால் அந்த நினைப்பே யாருக்கும் வரவில்லை.

பெரிய கிளையாகப் பார்த்து அடியிலேயே வெட்டச் சொல்லி உத்தரவு. நுனிவரை ஏற வேண்டிய அவசியமில்லை. காதுகளில் சத்தத் தடுப்பு. ரம்பத்தின் அதிர்வு மட்டும் கைகளில். கிளை சாய்ந்தது. கீழே ஓட்டுநர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டுவது தெரிந்தது.

இறங்கி வந்து பார்த்தாள். சுள்ளிகளுக்கு நடுவே குஞ்சுகள் சிதறிக் கிடந்தன. இறகு முளைக்கத் தொடங்கிய பருவம். ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அவள் கை நீட்டியதும் அலகைப் பிளந்து மிரட்டியது, பிறகு பயத்தில் வாந்தி எடுத்தது. கோழிக்கடையில் வீசிய தோல், பாலிதீன் துண்டு, ஒரு ரப்பர் பேண்டு. மீன் என்று ஒரு செதில்கூட இல்லை. அவள் தொடுவதற்குள் அதுவும் கழுத்தைத் தொங்கவிட்டது.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க" என்றாள். ஓட்டுநர் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்.

மேற்பார்வையாளர் பைக்கில் வந்து இறங்கினார். கூடவே சங்கச் செயலாளர், வீட்டு வாசலிலிருந்து, கையில் கார் துடைக்கும் துணியோடு.

"ஏம்மா நின்னு போச்சு?"

"குஞ்சு இருக்கு சார். எல்லா மரத்துலயும் இருக்கும்."

"நீதானே காலின்னு சொன்னே?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். மழை கழுவிட்டுப் போயிருக்கு."

"ஞாயித்துக்கிழமை நடைபாதைத் திறப்பு. பந்தல் இந்தத் தெருவுலதான் போடறாங்க. வர்றவங்க தலையில எச்சம் விழுந்தா என் தலை உருளும். இத ஒரு சாக்குல அள்ளிப் போட்டுட்டு வேலையப் பாரு."

செயலாளர் இடையில் புகுந்தார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தாம்மா இருக்கு. ஆனா தினமும் காலைல என் கார வந்து பாரு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. இதுங்களுக்கு வேற எடமா இல்ல?"

"இருந்துச்சு சார். உங்க படுக்கையறை இருக்கிற எடத்துலதான் மீன் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

அவர் துணியை நிதானமாக மடித்தார். "அந்த ஏரி மரத்தை எல்லாம் வெட்டினது யாரு? நீதானே. பால்கனியில நின்னு நானே பாத்தேனே."

ரம்பக்காரி ரம்பத்திலிருந்து சங்கிலியைக் கழற்றினாள், பையில் போட்டாள், தெரு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"உன்னைச் சாக்கடைப் பிரிவுக்கு மாத்தறேன் பாரு" என்றார் மேற்பார்வையாளர். "நாளைக்குக் காலைல மொட்டையோட வண்டி வரும். நீ இல்லேன்னா வேலை நின்னுடுமா?"

மொட்டை என்பவன் அடுத்த வட்டத்தில் ரம்பம் பிடிக்கிறவன். இவளிடம் ஒருமுறை ரம்பத்தை இரவல் வாங்கிப் பல் மழுங்கத் திருப்பிக் கொடுத்தான், அன்றிலிருந்து பேச்சில்லை. சாயங்காலம் மானத்தை விட்டு அவனுக்குப் போன் செய்தாள்.

"எல்லா மரத்துலயும் குஞ்சு இருக்குடா. தொடாத."

"காலைல காலின்னு சொன்னியாமே. இப்ப இருக்குங்கற. நான் எத நம்பறதுக்கா?" அவன் குத்தலாகப் பேசவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது. "நான் தெருவப் பாப்பேன். வெள்ளையா இருந்தா திரும்பிடுவேன். கறுப்பா இருந்தா வெட்டுவேன். நீயும் அப்படித்தானே செஞ்ச?"

போனை வைத்தபோது ஏரிப் பக்கம் மின்னியது. சற்று நேரத்தில் அங்கே மழை இறங்குவது சாம்பல் திரையாகத் தெரிந்தது. விடியும்வரை அடித்தால் ஈரத் தாரில் எச்சம் ஒட்டாது, நாளைக் காலை தெரு மறுபடி கறுப்பாக இருக்கும். அவள் ஜன்னலில் நின்று திட்டத் தொடங்கினாள். மேற்பார்வையாளரை, செயலாளரை, கோழிக்கடைக்காரனை, தன் கையை.

"மழையையுமா திட்டுவே?" என்றான் கணவன்.

"அதுவும் சங்கத்துல சேந்துடுச்சுய்யா."

அவன் சிரிக்கப் போய் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பரண் மேலிருந்து எதையோ இழுத்துப் போட்டான். கூரை ஒழுகும்போது மூடுகிற நீலத் தார்ப்பாய். "தெருவுல தெரியலேன்னா இதுல தெரியட்டுமே" என்றான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு எழுந்து காய்கறிக் கடைக்காரியின் கதவைத் தட்டப் போனாள். அங்கே இன்னும் சில தார்ப்பாய்கள் கிடைத்தன.

மழை விட்டு விடிகிற நேரத்துக்கு இருவரும் சுமந்துகொண்டு போனார்கள். கணவன் முதல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். மரத்துக்கு ஒன்றாக விரித்தாள். முதல் மரத்தடியிலும் விரித்தாள். வெட்டாமல் விட்ட கிளைகளில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம் அல்லவா. தெருவின் காவலாளி வந்து நின்றான்.

"என்னக்கா, வத்தல் காயப் போடறீங்களா?"

"ஆமா. நீ நின்னு காக்கா ஓட்டு."

மேலே கூச்சல் தொடங்கியது. முதல் சொட்டு நீலத்தில் விழுந்து சிதறியது. பிறகு இன்னொன்று. வாசற்கதவு திறந்து செயலாளர் வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். உள்ளே போய்த் தோட்டக் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தெருவ அசிங்கம் பண்ணாத. எடு இத."

"எடுக்க முடியாது."

"கழுவிடுவேன்."

அவள் தார்ப்பாயின் நடுவில் ஏறி நின்றாள். "கழுவுங்க. என்னையும் சேத்துக் கழுவுங்க. ஒரு பொம்பளை மேல விடியக்காலைல தண்ணி அடிச்சீங்கன்னு தெருவே பாக்கட்டும்."

பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. அவர் குழாயைப் பிடித்தபடியே நின்றார். அவள் தோளில் ஒன்று சூடாக விழுந்தது. துடைக்கவில்லை. தலையில் விழுந்தது. அசையவில்லை. காவலாளி மெதுவாகப் போய்க் குழாயை மூடினான்.

மொட்டையின் வண்டி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அவன் இறங்கி யாருக்கும் வணக்கம் சொல்லாமல் வரிசையாக நடந்தான். ஒவ்வொரு தார்ப்பாயையும் குனிந்து பார்த்தான். ஒன்றைச் சுரண்டி ஈரமாக இருக்கிறதா என்றும் பார்த்தான். கடைசியில் ரம்பக்காரியின் தோளைப் பார்த்தான்.

"உன்னப் பாத்திருந்தாலே போதும்போல இருக்கேக்கா."

போனை எடுத்து மேற்பார்வையாளரிடம் சொன்னான். "காலி இல்ல சார். ஒண்ணுமில்ல ரெண்டுமில்ல, கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கு. நான் தொட மாட்டேன். என் மேல கேஸு வந்தா நீங்களா வந்து நிப்பீங்க?" மறுமுனையில் ஏதோ உயர்ந்த குரலில் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

செயலாளர் விடுவதாக இல்லை. "பறந்து போனதும் வெட்டுவீங்க இல்ல?"

"வெட்டுவோம்" என்றான் மொட்டை.

ரம்பக்காரிக்கு அது தெரியும். இன்னும் சில வாரங்களில் இந்தத் தெரு நிஜமாகவே கறுப்பாகிவிடும். வண்டி வரும், யாராவது முறைப்படி குனிந்து பார்ப்பார்கள், அதன் பிறகு அடுத்த மழைக்குக் கொக்கு இன்னொரு தெருவைத் தேடும். அங்கேயும் ஒரு சங்கம் இருக்கும்.

"அப்ப அந்த முதல் மரத்தையாவது முடிங்க" என்று செயலாளர் கை காட்டினார். "அதுக்கடியில ஒண்ணுமே இல்லையே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் மரத்தடியில் விரித்த தார்ப்பாய் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த நீலத்தில், ஒரு சொட்டுக்கூட விழாமல் கிடந்தது. மொட்டை அதன் அருகில் போனான். வழக்கப்படி ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"நீயே சொல்லுக்கா."

ரம்பக்காரி அந்தத் தார்ப்பாயை உதறி, நான்காக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அதான் நேத்தே சொல்லிட்டேனே" என்றாள்.