இப்ப நீங்கதான் ரோஸ்லின்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பத்தி எழுதாத நேரத்தில் எனக்குச் சோறு போடுவது கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைதான் என்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் கூப்பிட்டிருந்தார்கள். லினக்ஸ் சர்வரில் நூலின் தரப் பரிசோதனை ரெக்கார்டுகள் அழிந்துவிட்டன; மட்டமான நூல் வெளியூர் பார்ட்டிக்குப் போய்விட்டது. ரெக்கார்டுகளை மீட்டுத் தர வேண்டும்.

அழித்த ஆளைப் பிடித்தாயிற்று என்றார் மேனேஜர். பேக்கிங் பிரிவு ரோஸ்லின். சர்வரில் அவர் பெயர்தான் பதிவாகியிருக்கிறதாம். அப்போது கேன்டீனில் இருந்தேன் என்று அந்தப் பெண் அழுதிருக்கிறார். ஷெட்டில் எல்லோர் முன்னாலும் கத்தி, அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுல்ல சார்?” என்றார் மேனேஜர் என்னிடம்.

சொல்லாதுதான். ஆனால், அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

பஞ்சுத் தூசியில் சாதாரண கம்ப்யூட்டர் சீக்கிரம் மூச்சடைத்துப்போகும். அதனால் ஷெட்டில் பழைய டெர்மினல்கள் — ஒரு திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். சீரியல் கேபிள் வழியாக ஆபீஸ் ரூம் சர்வரோடு பேசும். அந்த கேபிளின் மறுமுனையில் ஒரு புரோகிராம் காவல் நிற்கும். யார் நீ, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டுத்தான் உள்ளே விடும். அதன் பெயர் கெட்டி (getty). இந்த மில்லில் பெயர் மட்டும்தான் கெட்டி!

செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். எந்த டெர்மினலும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஆன் செய்தால் போதும்... நேராக உள்ளே. எல்லாமே ரோஸ்லின் பெயரில்! இதை அமைத்த கான்ட்ராக்டர் முதன்முதலில் டெஸ்ட் செய்தது ரோஸ்லினுடைய லாகினில். அதையே எல்லா டெர்மினலுக்கும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மேனேஜரை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், அவர் கையாலேயே ஒரு டெர்மினலை ஆன் செய்யச் சொன்னேன். திரையில் பெயர் வந்து நின்றது.

“சார், இப்ப நீங்கதான் ரோஸ்லின்.”

அவருக்கு வியர்த்துவிட்டது. எனக்கோ ஆத்திரம். ஒரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கும் முன் இந்த ஒரு ஸ்விட்ச்சைப் போட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லையா?

பேக்கப்பிலிருந்து ரெக்கார்டுகளை மீட்டேன். ஒவ்வொருவருக்கும் தனி லாகின் போட்டேன். அழித்தது யார்? தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

மறுநாள் ரோஸ்லினை வரச்சொன்னார்கள். நானும் இருந்தேன். மேனேஜர் அவரைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. எந்த இடத்தில் திட்டு வாங்கினாரோ அங்கேயே போய் நின்றுகொண்டார். வேறு வழியில்லாமல் மேனேஜர் அங்கே வந்து, மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஏதோ முணுமுணுத்தார்.

“எனக்கே கேக்கல சார். மெஷின நிறுத்திட்டுச் சொல்லுங்க” என்றார் ரோஸ்லின்.

நிறுத்தினார்கள். தப்பு எங்க மேலதான் என்று மேனேஜர் சொன்னது ஷெட்டின் கடைசி வரைக்கும் கேட்டது. ரோஸ்லின் தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் கான்ட்ராக்டர் போன் செய்தார். ஆளுங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதானே செஞ்சேன், ஒரு சின்ன செட்டிங்குக்கு இம்புட்டுக் கோவமாண்ணே என்று கேட்டார்.

“இல்ல தம்பி. அடுத்த தடவை அந்த இடத்துல உங்க பேரப் போடுங்க.”