பன்னிரண்டு மணிக்குள் ஒரு பதில்

வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் சோல்வே டோலஃப்சன் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வருகிறேன், இல்லையென்றால் வரவில்லை. யோசிக்கப் பதினான்கு நாள் கொடுத்திருந்தார்கள். பதின்மூன்றை அவள் தின்று தீர்த்துவிட்டாள்.

நாற்பது வயது. அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவின் பெரிய மருத்துவமனை ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருடம் நர்ஸ். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும் நர்ஸாக வேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அதற்கு மூன்று வருடம் படிக்க வேண்டும், படிக்கும்போது வேலை பார்க்க முடியாது. முப்பது வயதில் விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருந்தபோது மகன் ஈவன் வயிற்றில் வந்தான். முப்பத்தைந்தில் நேர்முகம் வரை போனாள். அந்த வாரம் அவள் கணவன் ஆர்லன், வேலை செய்யும் தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். இது மூன்றாவது முறை. இந்த முறை கல்லூரியில் இடமே கிடைத்துவிட்டது.

வியாழன் மாலை, ஆர்லன் தட்டைக் கழுவிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தான்.

"பையன் இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டுமேன்னு பார்த்தேன்."

"முதல்ல அவன் பிறக்கட்டும்னு நின்னேன். அப்புறம் உன் இடுப்பு கூடட்டும்னு நின்னேன். அடுத்து என்ன, நாய் குட்டி போடட்டுமா?"

"நான் வேண்டாம்னு சொல்லலியே."

"சொல்ல மாட்டே, அதான் தொல்லை. வேண்டாம்னு வாயைத் திறந்து சொன்னா சண்டை போட்டுட்டாவது போயிடுவேன்."

இரவு முழுக்க சோல்வே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பையனும் இடுப்பும் பாதிக் காரணம்தான் என்று அவளுக்கே தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் எந்த நேரத்திலும் கூப்பிட ஒரு டாக்டர் இருப்பார். சின்ன ஊரில் மயக்கம் கொடுப்பவருக்கு அப்படி யாரும் கிடையாது. அந்தத் தனிமைதான் அவளுக்குப் பயம்.

வெள்ளி காலை நார்டால் என்ற சின்ன ஊருக்கு வண்டியை ஓட்டினாள். அங்குள்ள சிறிய மருத்துவமனையில் மாதம் இரண்டு ஷிப்ட் அவள் பார்ப்பதுண்டு. அன்று ஷிப்ட் இல்லை. அங்கே மயக்கம் கொடுக்கும் பிரிட்டா வேலை செய்வதைக் கடைசியாக ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று போனாள்.

பிரிட்டாவுக்கு முப்பத்திரண்டு. பத்து வருடத்துக்கு முன் புது நர்ஸாக வந்தவளுக்கு வெண்டிலேட்டரைத் தொடக் கற்றுக்கொடுத்ததே சோல்வேதான். முதல் வாரம் மருந்து அறையில் ஒளிந்து அழுத பெண். இன்று அந்த மாவட்டம் முழுவதற்கும் மயக்கம் கொடுக்க அவள் ஒருத்திதான். அதை நினைக்கும்போதெல்லாம் சோல்வேக்குப் பெருமையும் வரும், நெஞ்சில் ஓரிடத்தில் சுருக்கென்றும் இருக்கும்.

"இன்னைக்குத்தானே கெடு?" காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள் பிரிட்டா.

"பதினோரு மணிக்குக் கூப்பிடறேன்."

"என்ன சொல்லப் போறீங்க?"

"கூப்பிடும்போது தெரிஞ்சுடும்."

"விளங்கிடும். சூப் வேணுமான்னு கேட்டாலே அரை மணி நேரம் யோசிக்கிற ஆளு நீங்க."

பத்து நாற்பதுக்கு அவசரப் பிரிவின் கதவு படீரென்று திறந்தது. கேலா என்ற இருபத்தாறு வயதுப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. பனி தள்ளும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து கணவன் கொண்டுவந்து சேர்த்திருந்தான். இருக்கை முழுக்க ரத்தம், வயிறு பலகை போல இறுகிக் கிடந்தது. குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு அறுபதுதான் துடித்தது. பனிக்காற்றில் ஹெலிகாப்டர் பறக்காது. நெடுஞ்சாலையை மூடியாகிவிட்டது.

"குழந்தையை இங்கேயே வெட்டி எடுத்துடலாம்," என்றார் டாக்டர் பிரூயிட். "மயக்கம் கொடு பிரிட்டா. முதுகுல ஊசி போடவெல்லாம் நேரமில்ல."

சோல்வே செல்போனை லாக்கரில் போட்டுவிட்டு உடை மாற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள். வேடிக்கை பார்க்க வந்தவளாகச் சுவர் ஓரம் நின்றாள்.

மருந்து ஏறியது, கேலாவின் கண் மூடியது. பிரிட்டா தொண்டைக்குள் குழாயைச் செலுத்திக் காற்றை அழுத்தினாள். டாக்டர் கத்தியோடு காத்திருந்தார். குழாய் சரியாக மூச்சுக்குழலில் இருந்தால் திரையில் ஒரு கோடு மலைபோல எழும்ப வேண்டும். பிரிட்டா குழாயைக் கட்டுவதற்காகக் குனிந்திருந்தாள். திரையில் கோடு படுத்தே கிடந்தது.

சோல்வேயின் வாய் ஒரு கணம் திறக்க மறுத்தது. தான் இங்கே விருந்தாளி, பேசலாமா?

"பிரிட்டா, கோடு எழும்பல."

பிரிட்டா நிமிர்ந்து பார்த்தாள், மறு பேச்சின்றிக் குழாயை உருவினாள். முகமூடியை வைத்து அழுத்தினாள். ஆக்சிஜன் எண்பத்தெட்டு, எண்பத்தொன்று, எழுபத்துநான்கு. எந்திரத்தின் ஒலி கீழே கீழே இறங்கிற்று. இரண்டாவது முறை குழாய் உள்ளே போனது. கோடு எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"அறுங்க," என்றாள் பிரிட்டா.

குழந்தை நீலமாக வெளியே வந்தது. அங்கே பணியில் இருந்த ஒரே நர்ஸ் அதை வாங்கிக்கொண்டு ஓடினாள். முக்கால் நிமிடம் கழித்துப் பக்கத்து அறையிலிருந்து மெலிந்த அழுகை கேட்டது. ஆனால் கருப்பை சுருங்கவில்லை. ரத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபத்தைந்து.

"போன் பண்ணணும்னா இப்பவே ஓடிப் போயிட்டு வாங்க," என்றாள் பிரிட்டா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு நிமிஷம் நான் சமாளிச்சுக்கறேன்."

கேலாவின் ரத்த அழுத்தம் அறுபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. பிரிட்டாவால் தனியாகச் சமாளிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

"ரத்தப் பையை எடு. நம்பரை வாசி, நான் சரி பார்க்கறேன்," என்றாள் சோல்வே.

பையைத் தொங்கவிட்டுக் கையால் பிசைந்து ஏற்றினாள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. மருத்துவமனையில் இருந்ததே நான்கு பைகள். பதினொன்று நாற்பத்தெட்டுக்குக் கடிகாரத்தைப் பார்த்தாள். போகிறேன், படிக்கப் போகிறேன் என்று உள்ளுக்குள் எதுவோ கத்தியது. கை பையை விடவில்லை. அதற்குப்பின் அவள் கடிகாரப் பக்கம் திரும்பவே இல்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு ரத்தம் நின்றது. நான்காவது பையில் இரண்டு விரல் அளவு மிச்சமிருந்தது.

ஒரு மணி ஆவதற்குள் கல்லூரிக்குக் கூப்பிட்டாள். மறுமுனையில் பேசிய பெண்மணியின் குரல் கனிவாகத்தான் இருந்தது.

"நேரம் முடிஞ்சதுமே வரிசையில அடுத்தவங்களைக் கூப்பிட்டுட்டோம்மா. அவங்களும் உடனே சரின்னுட்டாங்க."

"நான் ஆபரேஷன்ல இருந்தேன்."

"புரியுதும்மா. ஆனா ரெண்டு வாரம் இருந்துச்சே."

சோல்வே நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

உடை மாற்றும் அறையில் பிரிட்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தொப்பியின் முடிச்சை அவிழ்க்க முடியாத அளவுக்கு அவள் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"எப்பவுமே இப்படியா?"

"முடிஞ்சப்புறம் ஆடும். நடுவுல ஆட நேரம் எங்கே இருக்கு?"

சோல்வே முடிச்சை அவிழ்த்துவிட்டாள். "இடம் போயிடுச்சு," என்றாள்.

பிரிட்டாவின் முகம் வெளுத்தது. "என்னாலதான்."

"உன்னால இல்ல. நேத்தே சொல்லியிருக்கலாம், முந்தாநாளும் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி மாதிரி கெடுவைப் பிடிச்சுத் தொங்கிட்டிருந்தேன்."

சாலை திறந்து வீடு சேர நாலரை ஆயிற்று. ஆர்லன் அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்ட ஹாட்டிஷை எடுத்துக்கொண்டிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து, அவசரமாக மறைந்தது. அவள் பார்த்துவிட்டாள். ஷெட்டுக்குப் போய், வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பதினாறு வருடத்தில் எத்தனையோ சாவைப் பார்த்தவள். இப்படி அவள் அழுததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஆர்லன் கோட்டுகூடப் போடாமல் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான்.

"இவ்வளவு வேணுமா உனக்கு இது?"

"இன்னைக்குப் பதினொண்ணே முக்கால் வரைக்கும் எனக்கே தெரியாது."

"நீ சொன்னதும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. பார்த்தியா?"

"பார்த்தேன்."

அவன் பனி படர்ந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அசிங்கமா இருக்கு எனக்கு. மறுபடி எப்போ எழுதிப் போடணும்?"

"ஆகஸ்ட்ல."

"இந்தத் தடவை எனக்கு எது உடைஞ்சாலும் நீ நிக்காதே."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. நிஜமாவே உடைச்சுப்பே."

ஆகஸ்ட் முதல் தேதியே விண்ணப்பம் போனது. நேர்முகத்தில் சென்ற முறை ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டார்கள். ரத்தப் பைகளைச் சொன்னாள். அதற்கு முந்தைய பதின்மூன்று நாளையும் மறைக்காமல் சொன்னாள். டிசம்பரில் போன் வந்தது. அந்தப் பெண்மணி வாக்கியத்தை முடிப்பதற்குள் "வரேன்" என்றுவிட்டாள்.

சுலபமாக இருந்ததென்று சொல்ல முடியாது. வகுப்பில் அவள்தான் மூத்தவள், முதல் தேர்விலேயே தோற்றாள். முந்தைய வருடம் அவள் இடத்தில் சேர்ந்த பையன் ஒரு வகுப்பு மேலே இருந்தான். விஷயம் தெரிந்ததும் தன் குறிப்பேடுகளை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தான். ஈவன்தான் ஒரு வருடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கால்பந்து ஆட்டங்களுக்கு அவள் வராததை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வான். அந்தக் கணக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு. இரண்டு சிறிய மருத்துவமனைகளில் அவள்தான் மயக்கம் கொடுக்கிறாள். வரும் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஒரு விவசாயியின் குடலிறக்க ஆபரேஷன், அதற்குப் பின் இரண்டு முழங்கால் ஆபரேஷன்.